கடிதத்திலிருந்து எண்ணெய்க் குதம் வரை: திருகோணமலையில் எல்லை தாண்டிய ஒத்துழைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலைப் பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அதே இடத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். கிட்டத்தட்ட ஒரே தூரம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போக நினைக்கிறவர் கட்டுநாயக்கவுக்கோ பலாலிக்கோ போய் சென்னைக்கு விமானம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் காங்கேசன்துறை வரை போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். எங்கள் துறைமுகம் உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அங்கிருந்து அக்கரைக்கு ஒரு பயணிகள் கப்பல்கூட இல்லை.

பக்கத்துப் பக்கத்துப் பிரதேசங்கள் நாட்டு எல்லையைத் தாண்டிச் சேர்ந்து வேலை செய்வது பற்றி நிறையப் பேசுகிறார்கள். வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள்: குழாய், மின்கம்பி, பாலம், கப்பல். திருகோணமலையில் இருந்துகொண்டு அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் வருகிறது. கோட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் மனிதர்களுக்கு அதில் என்ன இடம்? இதற்கு விடை தேட எங்கள் ஊர்ப் பக்கத்துச் சீனன்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது எரிபொருள் சேமிக்கும் பெரிய தாங்கிகளை, எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாடுகள் சேர்ந்து செய்வோம் என்று 1987இல் எழுதி வைத்த வேலை அது. இன்றும் முடியவில்லை.

குதங்கள்

சின்ன வயதில் கண்டி வீதியால் ஊருக்குத் திரும்பி வரும்போது, சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் பெரிய உருளைகள் தெரிவதைப் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன். துருவேறி, கொடி படர்ந்து, மரம் முளைத்து நிற்கும். அவை என்ன என்று கேட்டால் பெரியவர்கள் "வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் தங்கள் கடற்படைக்கு எரிபொருள் சேமிக்கக் கட்டியவை அவை. ஒவ்வொரு குதமும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 33,000 லீற்றர் பவுசரால் (எண்ணெய் ஏற்றும் லொறியால்) ஒரு குதத்தைக் காலி செய்வதென்றால் 360 தடவைக்கு மேல் ஏற்ற வேண்டும். இப்போது கணக்கில் இருப்பவை 99. எல்லாம் சேர்த்து சுமார் 10 லட்சம் தொன் எரிபொருளை வைக்கலாம். கடலோரமாக இருப்பதைக் கீழ்க் குதத் தொகுதி என்றும், உள்ளே காட்டுக்குள் இருப்பதை மேல் குதத் தொகுதி என்றும் சொல்கிறார்கள்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. அன்று ஒரு விமானம் நேராக ஒரு குதத்தில் போய் மோதியது. அது நாட்கணக்கில் எரிந்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். எங்கேயோ நடந்த போருக்கு எங்கள் ஊர் இலக்கானதற்குக் காரணம் இந்தத் துறைமுகமும் இந்த எண்ணெயும்தான். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை விட்டுப் போனது. குதங்கள் அப்படியே நின்றன. சுதந்திர இலங்கைக்கு இவ்வளவு பெரிய சேமிப்பு அப்போது தேவைப்படவும் இல்லை, காட்டை வெட்டி, குழாய் மாற்றி, இதைப் பராமரிக்கக் காசும் இல்லை.

ஒரே தாளில் பிறந்த இரண்டு

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதோடு சேர்த்து இருவரும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தில் திருகோணமலை இரண்டு தடவை வருகிறது. ஒன்று, இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டுக்கும் இந்தத் துறைமுகத்தை இராணுவத் தேவைக்குக் கொடுப்பதில்லை என்பது. மற்றது, எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரு நாடுகளும் கூட்டாகச் செய்யும் என்பது.

இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் முக்கியமாக எடுக்கிறேன். குதங்கள் முதலில் பாதுகாப்பு விஷயமாகவே மேசைக்கு வந்தன. வேலைவாய்ப்பு, வணிகம், ஊரின் வளர்ச்சி எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. டெல்லிக்கு வேறு யாரும் இங்கே வந்துவிடக் கூடாது. கொழும்புக்கு எதையும் முழுதாகக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு பயமும் சேர்ந்தால் வேலை எப்படி நகரும்?

அதே ஒப்பந்தத்திலிருந்து இன்னொன்றும் பிறந்தது. 1987 நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறி மாகாண சபைகள் வந்தன. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைந்து, அதன் தலைநகர் திருகோணமலை ஆனது. குதங்களுக்கான வாக்குறுதியும் மக்கள் தெரிவு செய்யும் சபையும் ஒரே பிரசவத்தில் வந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிறகு என்ன நடந்தது? வடக்கு–கிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்தது. இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிக் கிழக்கு மாகாண சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்ரெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, மாகாணம் ஆளுநரின் கையில் போனது. குதப் பிள்ளை மெல்ல மெல்ல என்றாலும் வளர்ந்தது. சபைப் பிள்ளை படுத்த படுக்கையாகிவிட்டது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது முழுக்க இதைத்தான். மற்றதெல்லாம் அதற்கான ஆதாரம்.

2003 முதல் 2022 வரை

கடிதம் எழுதி 15 வருடம் கழித்து, போர்நிறுத்த காலத்தில், 2003 பெப்ரவரியில் குதங்களை இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 35 வருடத்துக்குக் கொடுக்கும் உடன்படிக்கை வந்தது. நிறுவனம் கீழ்க் குதத் தொகுதியைத் திருத்தி இயக்கத் தொடங்கியது. மேல் குதத் தொகுதி காடாகவே கிடந்தது. அந்த உடன்படிக்கையின்படி அடுத்துச் செய்ய வேண்டிய முறையான காணிக் குத்தகைப் பத்திரம் எழுதப்படவே இல்லை. ஊரில் ஒரு வீட்டு வளவை வாடகைக்கு விட்டாலே உறுதி, வரைபடம், சாட்சி எல்லாம் கேட்போம். 800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அப்படி ஒரு பத்திரம் இல்லாமலே கிட்டத்தட்ட இரண்டு பத்தாண்டுகள் இருந்தது.

2017 ஏப்ரலில் இரு நாட்டுப் பிரதமர்கள் டெல்லியில் சந்தித்தபோது பொருளாதார ஒத்துழைப்புக்கு ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை போட்டார்கள். குதங்கள் அதிலும் வந்தன. பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தேசிய சொத்தை விற்கிறார்கள் என்ற கூச்சல் ஒரு பக்கம், இந்தியா நீண்ட நாளாகக் காத்திருக்கிறது என்ற நெருக்கடி மறுபக்கம். வேலை நகரவில்லை.

கடைசியில் 2022 ஜனவரி 6ஆம் திகதி புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61ஐயும் திருத்தி இயக்க ஒரு கூட்டு நிறுவனம். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். குத்தகை 50 வருடம்.

இந்தப் பங்கீடு நல்லதுதான் என்று நினைக்கிறேன். முழுவதையும் ஒரு கையில் கொடுத்து மற்றவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பழைய முறையைவிட, ஆளுக்கொரு பங்கும் நடுவில் பொதுப் பங்கும் வைத்தது நிலைக்கக்கூடிய வழி. 51 வீதம் என்ற எண் சும்மா வந்ததல்ல. அந்த எண் இல்லாமல் இந்த உடன்படிக்கையை எந்த இலங்கை அரசாலும் மக்கள் முன் வைக்க முடியாது. ஆனால் பங்குதாரர் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். கொழும்பில் தலைமையகம் உள்ள கூட்டுத்தாபனம், இந்திய அரசின் நிறுவனத்துக்குச் சொந்தமான கம்பனி. மாகாணம் இல்லை. மாவட்டம் இல்லை. குதங்கள் நிற்கும் பிரதேசத்தின் சபை இல்லை.

வரிசை நாட்கள்

உடன்படிக்கை கையெழுத்தாகி ஆறு மாதத்துக்குள் நாட்டில் டொலர் தீர்ந்துபோனது. எரிபொருள் வாங்கவென்று 2022 பெப்ரவரியில் இந்தியா 50 கோடி டொலர் கடன் வசதி கொடுத்திருந்தது. அதுவும் கரைந்தது. 2022 ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதை அரசு நிறுத்தியது. அப்போது விற்பனைக்குக் கையில் சரக்கு வைத்திருந்தது லங்கா ஐஓசி மட்டும்தான். அதன் பவுசர்கள் எண்ணெய் ஏற்றியது எங்கள் சீனன்குடாவில்.

அந்த நாட்களை மறக்க முடியாது. பெற்றோல் செட் வாசலில் இரவெல்லாம் மோட்டார் சைக்கிளோடு நின்றவர்களில் நானும் ஒருவன். முன்னால் நின்ற மீன்காரர் ஒருவர், "தம்பி, எண்ணெய் எங்கட ஊரில, வரிசையும் எங்கட ஊரில" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். கிண்ணியாவிலும் மூதூரிலும் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் வலைகள் வாடியிலேயே கிடந்தன.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் குதங்களில் ஒரு பகுதியாவது திருத்தி இயங்கிக்கொண்டிருந்ததால்தான் நாட்டின் சக்கரம் முழுதாக நிற்கவில்லை. தலைவர்கள் கூடிக் கைகுலுக்கிய படங்களைவிட, கீழ்க் குதத் தொகுதியில் நாள்தோறும் வால்வு திறந்து, அளவு பார்த்து, பவுசர் நிரப்பிய தொழிலாளர்கள்தான் அண்டை நாட்டு ஒத்துழைப்பு என்றால் என்ன என்று காட்டினார்கள். ஒத்துழைப்பு வழமையான வேலையாக ஆன இடத்தில் அது நெருக்கடியைத் தாங்கியது. வாக்குறுதியாகவே நின்ற மேல் தொகுதி அன்றைக்கும் காடுதான்.

சம்பூர்: அதே மேசையின் மறுபக்கம்

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். குதங்களின் கதை தாமதத்தின் கதை என்றால், சம்பூரின் கதை காயத்தின் கதை. 2006இல் போர் மூண்டபோது அங்கிருந்த குடும்பங்கள் ஓடின. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. அதே காலத்தில் இந்திய அரசின் மின் நிறுவனமான என்ரிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்கு ஒப்புக்கொண்டன. 2011இல் கூட்டு நிறுவனமும் தொடங்கியது.

முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறவருக்கு, தன் வயலில் இரண்டு நாடுகள் சேர்ந்து மின்நிலையம் கட்டப்போகின்றன என்ற செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒத்துழைப்பு என்ற நல்ல சொல் அந்த ஊரில் வேறு அர்த்தம் எடுத்தது. என் பார்வையில் இதில் இந்தியா மட்டும் பிழை, இலங்கை மட்டும் பிழை என்று பிரிக்க முடியாது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களைக் கேட்காமலே பேச்சைத் தொடங்கலாம் என்று இரண்டு தலைநகரங்களும் நினைத்தன.

2015இல் ஆட்சி மாறிய பிறகு, முதலீட்டு வலயத்துக்கென்று எடுத்திருந்த 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தது, மக்கள் போய்க் குடியேறத் தொடங்கினார்கள். நிலக்கரி நிலையத்தை எதிர்த்து வழக்கும் போராட்டமும் நடந்தன. கரும்புகை, கடலில் விடப்போகும் சூடான நீர், கொட்டியாரக் குடாவின் மீன்வளம் என்று மூதூர்ப் பக்கத்து தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பும் கேள்வி கேட்டார்கள். 2016 செப்ரெம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது.

பத்து வருட வேலை வீணானது என்று இதைப் பார்க்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதே இரு நிறுவனங்கள் அதே சம்பூரில் இப்போது சூரிய மின்நிலையம் கட்டுகின்றன. இரண்டு கட்டமாக 50, 70 என்று மொத்தம் 120 மெகாவாட். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்தபடியே காணொளி வழியாகத் தொடக்கி வைத்தார். ஊர் மக்கள் "வேண்டாம்" என்று சொன்னதால் ஒத்துழைப்பு செத்துப்போகவில்லை. இன்னும் பொருத்தமான வடிவத்துக்கு மாறியது. முதலிலேயே கேட்டிருந்தால் பத்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

அரிசி வந்த வழி

2022 நெருக்கடியின்போது தமிழ்நாடு அரிசி அனுப்பியது பலருக்கும் நினைவிருக்கும். அதில் பொருளைவிட அது வந்த வழியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஒரு மாநிலம். நினைத்தவுடன் இன்னொரு நாட்டுக்கு ஒரு மூட்டை அரிசியை அதனால் அனுப்ப முடியாது. வெளிநாட்டு உறவு டெல்லியின் அதிகாரம். அதனால் 2022 ஏப்ரல் 29ஆம் திகதி சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு மத்திய அரசிடம் அனுமதி கேட்டது. 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் என்று மொத்தம் 123 கோடி இந்திய ரூபாய்க்குத் திட்டம். இலங்கைத் தமிழருக்கு உதவி என்று தொடங்கிய பேச்சு, இலங்கை மக்கள் எல்லாருக்கும் என்று விரிந்தது. முதல் கப்பல் மே 22ஆம் திகதி கொழும்புக்கு வந்தது.

விரிந்தது சரியானதுதான். பசிக்கு இனம் கிடையாது. சேருநுவரவிலும் கந்தளாயிலும் இருந்த சிங்களக் குடும்பங்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். அக்கரையில் ஒரு மாநிலச் சட்டமன்றம் இருந்தது, அதனால் தீர்மானம் போட முடிந்தது, டெல்லியின் கதவைத் தட்ட முடிந்தது. இக்கரையில் "எங்களுக்கு இது தேவை, இவ்வளவு தேவை, இந்தத் துறைமுகத்துக்கு அனுப்புங்கள்" என்று பேச, தெரிவான ஒரு மாகாண சபைகூட அந்த நேரம் இல்லை. கை நீட்டிய பக்கத்துக்கு முகம் இருந்தது. வாங்கிய பக்கத்துக்கு இல்லை.

கேட்காமலே நடக்கும் ஒத்துழைப்பு

எல்லாமே தடைப்பட்ட கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் நன்றாக நடக்கும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பாராட்டி எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1964 டிசம்பர் 22ஆம் திகதி திருகோணமலையை அடித்துவிட்டுப் போன புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. ரயிலோடு சேர்த்துக் கடல் இழுத்துக்கொண்டு போனது. ஒரே புயல், ஒரே நாள், இரண்டு நாடு. இங்கே அடித்ததை அங்கே நேரத்தோடு சொல்ல வழி இருந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த வழி இன்று இருக்கிறது. வங்காள விரிகுடா, அரபிக் கடல் நாடுகள் சேர்ந்த புயல் குழு ஒன்றுக்காக, டெல்லியிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை பிராந்திய மையமாக இருந்து எல்லா உறுப்பு நாடுகளுக்கும் முன்னறிவிப்பு அனுப்புகிறது. புயலுக்குப் பெயர் வைப்பதுகூடக் கூட்டு வேலை. 2020இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்தன, மொத்தம் 169. சுனாமிக்கும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 ஒரே காலையில் எங்கள் கடற்கரையையும் நாகப்பட்டினத்தையும் வாரிக்கொண்டு போன பிறகு, இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் பொறுப்பை ஏற்றன.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது. எச்சரிக்கை முதல் நாளே வந்துவிட்டது. வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு), கச்சேரியிலிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து கிராம சேவகருக்கு, அவரிடமிருந்து ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவுக்கு. எங்கள் பகுதியில் ஓட்டோ தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனது. படகுகளை மேலே இழுத்துக் கட்டினார்கள். வயதானவர்களைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். புயல் நிலத்தில் வலுவிழந்து மன்னார் வளைகுடாப் பக்கம் போனது. அங்கே பாம்பன்காரர்களுக்கும் முன்பே தெரிந்திருந்தது.

ஏன் இது நடக்கிறது, குதம் நடக்கவில்லை? சொத்து இதில் இல்லை, அதனால் யாருக்கும் பயம் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. சர்வதேச அமைப்பிலிருந்து ஓட்டோ வரைக்கும் ஒவ்வொரு படியிலும் இன்னார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. கடைசிப் படி ஊரில் இருக்கிறது, ஊரின் மொழியில் பேசுகிறது. அந்தக் கடைசிப் படியைத்தான் குத ஒப்பந்தத்தில் யாரும் வைக்கவில்லை.

ஒரு பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரி

வெளியே ஒரு உதாரணம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் பிரனீஸ் மலைக்குள் செர்தான்யா என்று ஒரு பள்ளத்தாக்கு. 1659இல் இரு அரசர்கள் போட்ட உடன்படிக்கை அதை இரண்டாகக் கிழித்தது. மக்கள் பேசியது கற்றலன் மொழி, இரண்டு பக்கமும். பிரான்ஸ் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி மலைப்பாதை தாண்டித் தூரத்தில். பனி விழுந்தால் வழியே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் புய்க்செர்தா என்ற ஸ்பெயின் ஊர் கூப்பிடு தூரம். 2014இல் அங்கே இரு நாட்டுக்கும் பொதுவான ஆஸ்பத்திரி திறந்தார்கள். செலவில் ஸ்பெயின் பக்கத்துப் பிராந்தியமான கற்றலோனியா 60 வீதம், பிரான்ஸ் 40 வீதம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் சேர்ந்தது.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. அங்கே பிறக்கும் பிரெஞ்சுக் குழந்தையின் பிறப்பை எங்கே பதிவது? அங்கே இறந்தவரின் உடலை இரண்டு தெரு தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோக என்ன கடிதம் வேண்டும்? இப்படிப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டியிருந்தது. தீர்க்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் கேள்விகளைக் கேட்கவே பொறுப்பான ஒரு அமைப்பு அங்கே இருந்தது. எல்லையின் இரு பக்கத்துப் பிராந்திய, உள்ளூர் நிர்வாகங்கள் சேர்ந்து சட்டப்படி ஒரே அமைப்பை உண்டாக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஒரு சட்டம் செய்திருந்தது. ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது.

நாங்கள் ஐரோப்பா இல்லை. அவர்களுக்கு நடுவில் மலை, எங்களுக்கு நடுவில் கடல். அவர்கள் கடவுச்சீட்டு இல்லாமல் போய் வருகிறார்கள், எங்கள் மீனவர் கடல் எல்லைக் கோட்டைத் தாண்டினால் சிறை. மொழியால் நெருங்கியவர்கள் இரண்டு பக்கமும் இருப்பதை அங்கே வசதியாகப் பார்க்கிறார்கள், இங்கே ஆபத்தாகப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. முப்பது வருடப் போர் நடந்த நாடு இது, கொழும்பில் இருக்கும் ஒரு சிங்களத் தாய்க்கும் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் பிறப்புச் சான்றிதழ்க் கேள்வி எங்களிடமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து அகதிகளாகத் தமிழ்நாட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே முகாம்களில் பிறந்து, அங்கே படித்தவர்கள். ஊருக்குத் திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் மகளுக்கு ஆவணம் எடுக்க அவர்களோடு நானும் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்திருக்கிறேன். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டும், அது கொழும்பைக் காட்டும், கொழும்பு சென்னையைக் காட்டும். அங்குள்ள ஒருவரும் இங்குள்ள ஒருவரும் தொலைபேசியில் பேசினால் முடிகிற விஷயம். அப்படிப் பேச யாருக்கும் அதிகாரம் இல்லை.

இனி வரப்போவது

2023 ஜூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட பொருளாதாரக் கூட்டு ஆவணத்தில் திருகோணமலையைத் தொழில், எரிசக்தி மையமாக்குவது, தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு எண்ணெய்க் குழாய் போடுவது, மின்கம்பி இணைப்பு, தரைவழித் தொடர்பு எல்லாம் வந்தன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து திருகோணமலை எரிசக்தி மையத்துக்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்திட்டன. மூன்றாவது ஒருவர் வந்தது நல்லது என்றே நினைக்கிறேன். இரண்டு பேர் மட்டும் இருந்த மேசையில் சந்தேகம்தான் மூன்றாவது நாற்காலியில் இருந்தது. ஆனால் அன்று கையெழுத்தான ஆவணங்களின் முழு வாசகத்தைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்று பாராளுமன்றத்திலும் வெளியிலும் கேட்க வேண்டிய நிலை வந்தது. 1987இன் பழக்கம் இன்னும் விடவில்லை.

மாகாண சபைத் தேர்தல் நடக்க வேண்டும், அது முதல் வேலை. பெற்றோலியமும் துறைமுகமும் வெளியுறவும் மத்திய அரசின் பட்டியலில்தான் இருக்கும். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் 61 குதங்களைத் திருத்தும் கூட்டு நிறுவனத்தில் மாகாணத்துக்கு ஒரு இடம் கொடுக்க அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை. தெரிவான சபை ஒன்று இருந்தால் அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்விக்கும் விடை இருக்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. மூன்று பேரும் சேர்ந்து தெரிவு செய்யும் சபையின் குரலை யாரும் ஒரு இனத்தின் குரல் என்று ஒதுக்க முடியாது.

சபை வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 9ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் வெளிநாட்டுப் பணம் வரும் திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே அதன் விவரங்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும், பொறுப்பான அமைச்சர் தெரிவிக்க வேண்டும். குழாய்க்கும் எரிசக்தி மையத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை.

நான் ஒரு விண்ணப்பம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று கேள்விகள். மேல் தொகுதியில் இதுவரை எத்தனை குதங்கள் திருத்தப்பட்டன? குழாய் கரைக்கு வரும் இடம் எது, அங்கே வலை போடுகிறவர்களிடம் யார், எப்போது பேசினார்கள்? கூட்டு நிறுவனத்தின் வேலைகளில் எத்தனை இந்த மாவட்டத்தவருக்கு? தீர்மானத்தைச் சொல்ல அதிகாரிகளுக்கு 14 வேலைநாட்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சம்பூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் இரண்டு பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.